நதி கொண்டுபோன நிலம்

பத்மையும் யமுனையும் கரைகளை ஓயாது அரித்துப் பாயும் வங்கதேசத்திலே, உழவனுடைய வயல் நீரில் கரைந்து மறைவதும், சில வருஷங்களுக்குப் பின் அதே ஸ்தலத்தில் 'சர்' என்னும் வண்டல் திட்டாக மீண்டும் தலைதூக்குவதும் சகஜம். மறைந்ததைச் 'சிகஸ்தி' என்றும் மீண்டதைப் 'பயஸ்தி' என்றும் சொல்லுகிறார்கள்.

மீண்ட மண் யாருக்குப் பாத்தியம்? அடையாளம் காணத்தக்க பழைய இடத்திலேயே மறுபடி எழுந்த பூமி, வெள்ளம் மூடியிருந்த காரணத்தினால் உடையவனை விட்டு நீங்கிவிடாது என்று, கங்கைக்கரை வழக்கொன்றில் 1870-இல் அக்காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். 1972-இல் வங்கதேச அரசாங்கம் அத்தகைய நிலத்தைத் தனதாக்கிக்கொண்டது. 1994-இல் திருத்திய சட்டமோ, 30 ஆண்டுகளுக்குள் மீண்டால், 60 பிகா (வங்காள நில அளவு) வரம்புக்கு உட்பட்டு, பழைய உடையவனுக்கோ வாரிசுக்கோ உரிமை தருகிறது.

ஆயினும் கலெக்டர் மீண்ட நிலத்தை முதலில் சுவாதீனப்படுத்தி, அளந்து, படம் வரைவித்த பின்னரே உரியவன் கைக்கு அது வரவேண்டும். அதற்குள் தடியாட்களை ஏவி வலியவர்கள் புதுத் திட்டை ஆக்கிரமித்துக்கொள்ளும் கொடுமையும், வீட்டோடு பத்திரத்தையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்ட ஏழை, பழைய நில அளவைப் படத்தின் நகலுக்காகக் கச்சேரி வாசலில் காத்து நிற்கும் பரிதாபமும் அங்கே உண்டு.