முகமூடி போட்ட ராப்பர்: எம்எஃப் டூம் முதல் ஆல்பம் பிறந்த கதை

1993. அமெரிக்க ராப் குழுவான ‘கேஎம்டி’யின் இரண்டாவது ஆல்பம் கிட்டத்தட்ட ரெடி. அப்போதுதான் தம்பி சப்ராக் கார் மோதி இறந்தார். மறுவருஷம், அட்டைப்படம் சர்ச்சையானதும் எலெக்ட்ரா நிறுவனம் குழுவையே கைகழுவியது. அண்ணன் டேனியல் டுமிலேயைச் சில வருஷம் இசையுலகில் காணோம்.

திரும்பி வந்தவர் பெயர் எம்எஃப் டூம். காமிக்ஸ் வில்லன் டாக்டர் டூம் பாணியில் முகமூடி. முகத்தைப் பார்க்க வேண்டாம், பாட்டைக் கேட்டால் போதும் என்ற பிடிவாதம்.

1999-ல் ‘ஃபாண்டில் எம்’ என்ற குட்டி லேபிளில் வெளிவந்த ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’யில் ராப்பும் அவரே, பெரும்பாலான பீட்டும் அவரே. பழைய ஆர் அண்ட் பி பாடல்களை வெட்டி ஒட்டியவை. ஃபினிஷிங் கம்மிதான், பெரிய ஸ்டூடியோ என்றால் பாலிஷ் போட்டே கெடுத்திருப்பார்கள்! வில்லன் வேஷத்துக்கு நடுவிலும், தலைப்புப் பாடலில் தம்பி வந்துவிடுகிறார்.

2020 அக்டோபர் 31-ல் டூம் இறந்ததுகூட, டிசம்பர் 31-ல்தான் ரசிகர்களுக்குத் தெரிந்தது.