தூபக்கால்

தூபக்கால் என்பது தணலின் மீது சாம்பிராணி, குங்கிலியம் போன்ற பிசின்களை இட்டு நறும்புகை எழுப்பப் பயன்படும் கலம் ஆகும். தமிழ்நாட்டில் மண்ணாலும் பித்தளையாலும் செய்த தூபக்கால்கள் வீடுகளிலும் கோயில்களிலும் புழக்கத்தில் உள்ளன. 63 நாயன்மார்களுள் ஒருவரான குங்கிலியக்கலய நாயனார், திருக்கடையூர்க் கோயிலில் குங்கிலியத் தூபமிடுவதையே தம் தொண்டாகக் கொண்டவர்.

அமைப்பு

அகன்ற வாயுடைய கிண்ணம், குறுகிய இடை, விரிந்த அடி ஆகியன மண் தூபக்காலின் பகுதிகள். தணல் அணையாதிருக்கக் காற்று வேண்டும்; அதற்காகவே வாய் அகன்றிருக்கிறது. சுட்ட மண் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், இடையைப் பிடித்து வீடு முழுவதும் புகை காட்டலாம். பித்தளை விரைவில் சூடேறும். ஆகவே அதற்கு நீண்ட கைப்பிடி வைக்கப்படுகிறது.

பயன்படுத்தும் முறை

முதலில் கிண்ணத்தில் சாம்பலைப் பரப்பி, அதன் மேல் கொட்டாங்குச்சித் தணலை வைக்க வேண்டும். சாம்பல் வெப்பம் அடியில் இறங்காமல் தடுக்கும். செந்தணலில் நேரே இட்ட சாம்பிராணி கருகி நெடி தரும். தணல்மேல் மெல்லிய சாம்பல் படிந்தபின் இட்டால், பிசின் உருகி வெண்புகையும் மணமும் நிதானமாக எழும்.

சப்பானியத் தூபக்கலம்

சப்பானில் தூபக்கலத்தைக் 'கோரோ' என்பர். கியூசூ தீவிலுள்ள அரிதாவில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீங்கான் தொழில் தோன்றியது. அதன்பின் வெண்பீங்கானில் வண்ணம் தீட்டிய கோரோக்களும் உருவாயின. மூன்று கால் கொண்ட கோரோவை ஒரு கால் முன்பக்கம் வருமாறு வைப்பது மரபு. 'கோடோ' என்னும் நறுமணக் கலையில், தணலைச் சாம்பலுள் புதைத்து, மேலே மைக்காத் தகடு வைத்து, அதன்மேல் அகில் சிம்பை இடுவர். அகில் எரிவதில்லை, சூடேறி மணம் மட்டும் தருகிறது. மணத்தை நுகர்வதை அங்கே 'கேட்டல்' என்றே குறிப்பிடுவர்.

மதிப்பிடுதல்

இரு நாட்டுக் கலங்களிலும் அழகு, நெருப்பைக் கையாளும் திறனோடு சேர்ந்தது. ஆடாமல் நிற்கிறதா, சாம்பலுக்குப் போதிய ஆழம் உள்ளதா, பிடிக்குமிடம் சூடேறாதிருக்கிறதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஓவியமும் மெருகும் அடுத்தவை. சாம்பலின்றித் தணலை வைத்தால் விலையுயர்ந்த பீங்கானும் விரிசல் விடக்கூடும். மண் தூபக்காலின் வாயில் படிந்த கருமை குறையன்று. அது புழங்கியதன் அடையாளம்.

எச்சரிக்கை

எரியும் கரி நஞ்சான கார்பன் மோனாக்சைடை வெளியிடும். ஆகவே தூபமிடும்போது சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். கைக்குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் புகையிலிருந்து விலக்கி வைப்பது நல்லது.