உஷார்! ஃபேமிகாமைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

ஜப்பானிலிருந்து வரவழைத்த பழைய நின்டெண்டோ ஃபேமிகாம் வீடு வந்து சேர்ந்துவிட்டதா? பார்சலைப் பிரித்த கையோடு, கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் செருகப் போகிறீர்களா? நிறுத்துங்கள்! அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 100 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் வீட்டு பிளக் பாயின்ட்டில் வருவது 230. செருகினால், 10 வோல்ட் கொடுக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் 20-க்கு மேல் தள்ளும். கொஞ்ச நேரத்தில் உள்ளே காயில் கருகும். அந்த இடைவெளியில் கேம் பெட்டியின் சுவிட்சையும் போட்டுவிட்டால், 1983-ல் பிறந்த அந்தச் சிவப்பு வெள்ளைப் பெட்டிக்கு அன்றோடு சங்குதான்.

ஃபேமிகாமின் வீடியோவை டிவிக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் போடுவதைப் பற்றிக் கேட்டால் அடாப்டர் கதை எதற்கு என்று தோன்றலாம். சர்க்யூட் ரொம்பச் சின்னது: ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர். எல்லோருடைய கண்ணும் அதிலேயே இருக்கிறது. ஆபத்து உட்கார்ந்திருப்பதோ அதன் இரண்டு முனைகளில்: இந்தப் பக்கம் கரன்ட் வரும் வழி, அந்தப் பக்கம் டிவி.

சரி, ஜப்பான் அடாப்டரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளூர்க் கடையில் ஒன்று வாங்குகிறீர்கள். அங்கேயும் ஒரு கண்ணி. ஃபேமிகாமின் பிளக்கில் நடு ஓட்டை மைனஸ், வெளிப் பக்கம் பிளஸ். கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் சூடேறி வெடிக்கலாம். 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரும் கூடவே போகலாம். வாங்கும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், மூடியில் இருக்கும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று: அமெரிக்க நண்பர் யாராவது "என்னிடம் என்இஎஸ் அடாப்டர் இருக்கிறது, அதுவும் நின்டெண்டோதானே" என்று நீட்டினால் வாங்காதீர்கள். அதிலிருந்து வருவது 9 வோல்ட் ஏசி. ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் அதை உள்ளே டிசியாக மாற்றிக்கொள்ளும். ஃபேமிகாமுக்கு அந்த வசதி இல்லை. பிளக் மட்டும் கச்சிதமாகப் பொருந்தித் தொலைக்கும்!

இந்த வேலையே எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலையில் வந்த முதல் ஃபேமிகாமுக்கு மஞ்சள் ஏவி ஜாக் கிடையாது. ஆன்டெனா வழியாகத்தான் படம் போகும், அதுவும் ஜப்பானின் 1, 2-ம் சேனல்களில். அதாவது 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸ். நம் ஊரில் அது எஃப்எம் ரேடியோவின் இடம். நம் டிவியில் அந்தச் சேனல் அகப்படாது. அதனால் பெட்டியைத் திறந்து, படத்தை உருவாக்கும் பிபியு சிப்பிலிருந்து நேரடியாக வீடியோவை எடுக்கிறார்கள். அந்தச் சிப்பால் 75 ஓம் கேபிளைத் தானாக இழுக்க முடியாது, தெம்பு போதாது. ஆகவே நடுவே ஒரு டிரான்சிஸ்டர். பெயர்தான் ஆம்ப்ளிஃபயர், அது வோல்டேஜை ஏற்றுவதில்லை, கரன்ட்டைத்தான் கொடுக்கிறது. 'பவர் பத்தவில்லை' என்று நினைத்து 5 வோல்ட்டுக்குப் பதில் அடாப்டரின் 10 வோல்ட்டை அதற்குக் கொடுப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

உங்கள் பெட்டிக்கு இந்தச் சர்க்யூட் தேவையே இல்லாமலும் போகலாம். 1993-ல் வந்த ஏவி ஃபேமிகாமிலும், ஷார்ப் செய்த ட்வின் ஃபேமிகாமிலும் வீடியோ வழி ஏற்கெனவே உண்டு. தொண்ணூறுகளில் இங்கே விற்ற கேசட் போடும் டிவி கேம்களிலும் பெரும்பாலும் மஞ்சள் ஜாக் இருக்கும். அவற்றில் பலவற்றைத் திறந்தால் ஐசிக்குப் பதில் கறுப்பாக ஒரு பொட்டுதான் தெரியும், தொட்டு எடுக்கக் காலே இருக்காது. அவற்றை விட்டுவிடுங்கள்.

இப்போது போர்டுக்கு வருவோம். பிபியுவின் பெயர் 2சி02. நாற்பது கால். வீடியோ வருவது 21-ம் காலில். எதிர் வரிசையில் அதற்கு நேராக நிற்கும் 20 கிரவுண்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் 22 ரீசெட், மறு கோடியில் 40, அதுதான் 5 வோல்ட். மேலிருந்து பார்த்தால் ஐசியின் வெட்டு அடையாளம் தெரியும், இடது மேல் மூலையில் 1. ஆனால் நீங்கள் ஈயம் வைக்கப் போவது அடிப்பக்கத்தில்! போர்டைப் புரட்டியதும் இடம் வலமாகிவிடும், வெட்டு அடையாளமும் கண்ணுக்குப் படாது. மேல்பக்கப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அடியில் எண்ணினால் 21 என்று நினைத்து 20-ல் வயரை ஒட்டிவிடுவீர்கள். அது பரவாயில்லை, படம் வராது, அவ்வளவுதான். மேல் கீழும் மாறி 40-ல் ஒட்டினால், 5 வோல்ட் முழுதும் உங்கள் டிரான்சிஸ்டரின் பேஸில் போய் நிற்கும். பெட்டியை ஆன் செய்து, கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்துச் சிவப்பு முனையால் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். அசையாமல் 5 வோல்ட் காட்டுகிற மூலை 40. அதே வரிசையின் மறு கோடியில் இருப்பதுதான் 21. மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, பவரைப் பிடுங்கிய பிறகு அயனை எடுங்கள்.

டிரான்சிஸ்டர் வாங்கப் போகும் இடத்தில் நடப்பது தனிக்கூத்து. சர்க்யூட் படத்தில் 2எஸ்ஏ1015 என்று இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கடைக்காரர் பிசி557 எடுத்துத் தருவார். "ஈக்குவலன்ட்தான் சார், தைரியமா போடுங்க." அவர் சொல்வது பொய்யில்லை, வேலை அதே வேலைதான். கால்கள்தான் வேறு! தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் 2எஸ்ஏ1015-ல் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி557-ல் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3906 என்றால் எமிட்டர், பேஸ், கலெக்டர். மூன்றும் ஒரே உருவம், ஒரே கறுப்பு. முதலாவதுக்கென்று வரைந்த ஓட்டையில் இரண்டாவதைச் செருகினால் என்ன ஆகும் தெரியுமா? பேஸ் கிரவுண்டில் நிற்கும், எமிட்டர் பிபியுவின் 21-ம் காலில் நிற்கும். டிரான்சிஸ்டரின் அந்த ஒரு ஜங்ஷன் வெறும் டயோடாக மாறி, சிப்பின் வீடியோ காலை ஏறக்குறைய கிரவுண்டோடு கட்டிப்போடும். படம் வரவில்லையே என்று பெட்டியை ஆன் செய்தபடியே அரை மணி நேரம் வயரை ஆட்டிப் பார்ப்பார்கள் சிலர். 2சி02 இப்போது எங்கும் தயாராவதில்லை. போனால் இன்னொரு ஃபேமிகாமைக் கொன்றுதான் எடுக்க வேண்டும்.

கெபாசிட்டர் 220 மைக்ரோஃபாரட் என்றால் அதே அளவுதான். கையில் 10 இருக்கிறதே என்று போட்டால் 75-க்கு 75 ஓம் கணக்கில் சுமார் 106 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். திரை நொடிக்கு அறுபது முறை வரைகிறது. அதனால் மேலிருந்து கீழாக வெளிச்சம் சரிந்துகொண்டே போகும். இதில் உயிர்ப்பயம் இல்லை, கண்ணுக்குத்தான் கேடு.

படம் வந்த பிறகும் சிலருக்கு ஆசை அடங்காது. நெட்டுக்குத்தாகச் சன்னமான கோடுகள் தெரியும், ஜெயில் கம்பி மாதிரி. 21-ம் காலைப் போர்டிலிருந்து தூக்கி வயரை நேரே அதில் ஒட்டினால் கோடு குறையும் என்பது உண்மை. ஆனால் நாற்பது வருடப் பழைய கால் அது. ஈயத்தை முழுதாக உறிஞ்சாமல் இழுத்தால் காலோடு போர்டின் செம்பு வட்டமும் உரிந்து வரும்; இரண்டு மூன்று முறை வளைத்தால் கால் அடியோடு முறியும். கோட்டோடு விளையாடுவது மேல் என்பது என் கட்சி.

இன்னொரு வகை அவசரம். எல்லாம் சரியாகச் செய்தும் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறதா? சர்க்யூட்டின் மேல் பழி போடாதீர்கள். ஃபேமிகாம் பேசுவது என்டிஎஸ்சி கலர் முறை, நம் பழைய டிவிக்குத் தெரிந்தது 'பால்' முறை. அதற்காக டிவியின் பின்மூடியைக் கழற்றப் போகாதீர்கள். கலர் பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடியின் கீழே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே காத்திருக்கும்.

இனிமேல் சொல்வதுதான் என்னை இதை எழுத வைத்தது. பழைய விளையாட்டைப் பழைய டிவியில்தான் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பரணில் கிடக்கும் சின்ன டிவியை இறக்குகிறார்கள். அதில் ஏவி ஜாக் இல்லை. "அதுக்கென்ன, உள்ளே ஒரு ஜாக் அடிச்சுத் தர்றேன்" என்று யாராவது முன்வருவார்கள். பழைய டிவி செட்டுகளில் பல, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயின் கரன்ட்டை நேரடியாக உள்ளே எடுத்தவை. அவற்றின் சேசிஸ் கிரவுண்டு பூமியல்ல, கரன்ட்! சில செட்டுகளில் பிளக்கைத் திருப்பிச் செருகுவதைப் பொறுத்து கரன்ட் வரும். பிரிட்ஜ் போட்டவற்றில் எப்படிச் செருகினாலும் வரும். கம்பெனிக்காரர்கள் அதைத் தெரிந்துதான் ஆன்டெனா வாயை மட்டும் சின்னக் கெபாசிட்டர்கள் வைத்துப் பிரித்து வெளியே விட்டார்கள். அந்தப் பிரிவினை இல்லாமல் அடித்த மஞ்சள் ஜாக்கின் வெளி வளையத்தில் வீட்டுக் கரன்ட் நிற்கும். அங்கிருந்து கேபிளின் உறை வழியாக உங்கள் சர்க்யூட்டின் கிரவுண்டுக்கு, அங்கிருந்து ஃபேமிகாமின் போர்டுக்கு, நீங்கள் அழகுக்காக ஆம்ப்ளிஃபயரை வைத்த தகர டப்பாவுக்கு. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து கேசட் மாற்றும் பிள்ளையின் கை அந்த டப்பாவில் படும்.

கேபிளைச் செருகும் முன் டிவியை ஆன் செய்து, ஜாக்கின் வெளி வளையத்தில் டெஸ்டரை வையுங்கள். பிளக்கைத் திருப்பிச் செருகி மறுபடியும் வையுங்கள். விளக்கு எரிந்தால் அந்த ஜாக்கைத் தொடவே வேண்டாம். எரியாவிட்டாலும், ஜாக்கை அடித்தது கம்பெனி இல்லையென்றால், உள்ளே தனிமைப்படுத்தியிருக்கிறதா என்று விவரம் தெரிந்த டிவி மெக்கானிக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் இல்லை என்று தலையாட்டினால் அந்த டிவி பரணுக்கே போகட்டும். ஃபேமிகாமை, கம்பெனியே ஏவி ஜாக் வைத்து விற்ற செட் எதிலாவது போட்டு ஆடுங்கள்.