உறுமி ஏன் உறுமுகிறது?

தைப்பூசத்தன்று மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கிலிருந்து காவடிகள் கல்லுமலைக் கோயிலை நோக்கி நகரும்போது, தவிலும் தாளமும் கலந்த பேரிரைச்சலுக்குள்ளும் ஒரு முனகல் தனித்துக் கேட்கும். தோலில் அடி விழுந்த ஓசை போலவே இருக்காது. யாரோ அடித்தொண்டையிலிருந்து குரல் எழுப்புவது போலிருக்கும். அதுதான் உறுமி.

தோற்கருவியிலிருந்து இப்படிக் குரல் எழும்புவது லேசான காரியமல்ல. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் பல அதிர்வுகள் ஒருசேரக் கிளம்பும். அடிப்படை அதிர்வு 1 என்றால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று போகும். முழு எண்களாக அமையாததால் தெளிவான சுருதி பிடிபடாது. மிருதங்கத்தில் தோலின் நடுவே கரணை பூசி இதைச் சரிசெய்தார்கள். அதன் நுட்பத்தை சி.வி. ராமன் 1920-லேயே விளக்கினார். உறுமி பிடித்த வழி வேறு.

இடையில் சிறுத்த உடுக்கை வடிவம். வலப்பக்கத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். குச்சி நகர, தோலும் அதோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். விறைப்பு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் பிடியை மீறும். தோல் நழுவித் துள்ளித் திரும்பும். திரும்பிய வேகத்தில் மறுபடி பிடிபடும். கண்ணுக்குக் குச்சி வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் தெரியும். உள்ளே இந்தப் பிடியும் நழுவலும் ஒரே சீராக, ஒரு நொடிக்குள் எத்தனையோ முறை நடந்து முடிந்திருக்கும்.

சூட்சுமம் அந்தச் சீரில்தான் இருக்கிறது. ஓர் அசைவு ஒரே கால அளவில் திரும்பத் திரும்ப நடந்தால், அதன் மேலதிர்வுகள் தாமாகவே 1, 2, 3 என்று முழு எண்களில் அமைந்துவிடும். நம் குரல்வளை மடிப்புகள் திறந்து மூடுவதும் இப்படித்தான். உறுமி மனிதத் தொண்டையை நினைவூட்டுவது வெறும் கற்பனையல்ல. குச்சியை இன்னும் அழுத்தினால் தோல் இறுகி, குரல் வழுக்கியபடி மேலே ஏறும்.

வயலினில் வில் தந்தியை இழுப்பதும் இதே பிடி-நழுவல்தான் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் 1863-ஆம் ஆண்டு நூலில் விளக்கியிருக்கிறார். அமெரிக்க நாட்டுப்புறக் குழுவின் ஃபிடில், பிரேசிலின் குயிக்கா மேளம், நம் உறுமி மூன்றும் இந்த வகையில் பங்காளிகள்.

உறுமி இங்கே வந்த கதை பால்மரத்தோடு சேர்ந்தது. 1877-ல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பின்னாளில் பேராக்கில் பால்மரத் தோட்டங்கள் பெருகியபோது தமிழர்கள் வந்தார்கள். தப்பும் உறுமியும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களில் ஒலித்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது சனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். லயத்து வீடுகள் போயின. உறுமி மேளம் மட்டும் பட்டணத்து இளைஞர்களின் கைக்கு மாறி இன்னும் உரக்க ஒலிக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

உறுமி கேட்டதும் சிலருக்கு அருள் வருகிறதே, அது எப்படி? மேளத்தின் சீரான அடி மூளையின் மின்னலைகளைத் தன் வேகத்துக்கு இழுக்கிறது என்று ஆய்வாளர் ஆண்ட்ரூ நெஹர் 1962-ல் எழுதினார். பிரெஞ்சு ஆய்வாளர் கில்பர்ட் ரூஜே 1980-ல் அதை மறுத்தார். இசை மட்டும் போதாது, நம்பிக்கையும் சடங்கும் சூழ்ந்திருக்கும் மனிதர்களும் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம். அதிர்வு ஒன்றே போதும் என்றால், மணிக்கணக்கில் உறுமியை இடுப்போடு அணைத்து வாசிப்பவருக்கல்லவா முதலில் அருள் வர வேண்டும்? அவரோ காவடிக்காரரின் காலடியைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார்.