ஆறாவது ஆண்டின் கோப்பு

அமெரிக்கக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு, சேர்ந்த அன்றே ஒரு கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் அது ஆறு ஆண்டு. ஆறாவது ஆண்டில், தான் நடத்திய பாடம், செய்த ஆராய்ச்சி, கல்லூரிக்கு உழைத்த உழைப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி ஒப்படைக்க வேண்டும். தேறினால் 'டென்யூர்' எனப்படும் நிரந்தரப் பணியும், இணைப் பேராசிரியர் பதவியும் வழக்கமாகச் சேர்ந்தே வரும். தேறாவிட்டால் இன்னும் ஓராண்டு சம்பளம் உண்டு. அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். இருக்கிற பதவியிலேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்ல வழியில்லை.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளின்படி ஆசிரியரின் தகுதிகாண் காலம் ஓராண்டுதான். தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டு நீட்டலாம். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பிஎச்.டி. முடித்து, வேலையில் சேர்ந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய பிறகும் வேலை உறுதியில்லை என்பது எளிதில் பிடிபடாது. "இந்த வருஷம் ஊருக்கு வர முடியாதும்மா, டென்யூர் வருஷம்" என்று அங்கிருந்து மகள் சொன்னால், அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கோப்புதான்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது? 1900இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர், பல்கலைக்கழகத்தை நிறுவியவரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்காத கருத்துகளைப் பேசியதால் வெளியேற நேர்ந்தது. ஆசியத் தொழிலாளர் குடியேற்றத்துக்கு எதிராக அவர் பேசியதில் இனவெறி இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பணம் கொடுப்பவரின் மனம் கோணினால் ஆசிரியர் வேலை போய்விடலாமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அதைக் கண்டித்துச் சில பேராசிரியர்கள் பதவி விலகினார்கள். அவர்களில் ஆர்தர் லவ்ஜாய் என்பவர் பின்னர் தத்துவவாதி ஜான் டூயியுடன் சேர்ந்து 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கமும் கல்லூரிகளின் கூட்டமைப்பும் சேர்ந்து 1940இல் வெளியிட்ட அறிக்கைதான், தகுதிகாண் காலம் ஏழு ஆண்டைத் தாண்டக் கூடாது, பணி தொடராது என்றால் ஓராண்டு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வகுத்தது. ஏழிலிருந்து ஒன்று போக ஆறு. ஆறாவது ஆண்டில் பரிசீலனை நடப்பது இதனால்தான்.

இன்று எல்லாருக்கும் இந்த வாய்ப்புக்கூட இல்லை. அமெரிக்க உயர்கல்வியில் பாடம் நடத்துபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் டென்யூருக்கு வழியே இல்லாத ஒப்பந்தப் பணியில் இருக்கிறார்கள்.

வாய்ப்புள்ளவர் முதலில் செய்ய வேண்டியது, தன் கல்லூரியின் கையேட்டை முதல் மாதமே படித்துவிடுவது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் கட்டுரைகளும் நூலும் ஆய்வு நிதியும் முன்னே நிற்கும். இளங்கலை மாணவர்களுக்காகவே இயங்கும் சிறு கல்லூரியில் வகுப்பறைதான் முக்கியம். அடுத்த வேலை, ஒரு பெட்டியோ கணினியில் ஒரு ஃபோல்டரோ வைத்து, வருவதையெல்லாம் தேதியுடன் போட்டுக்கொண்டே வருவது: ஒவ்வொரு பருவத்தின் பாடத்திட்டம், வினாத்தாள், வகுப்பை வந்து பார்த்த மூத்தவரின் குறிப்பு, எந்தக் குழுவில் எத்தனை மாதம் இருந்தார் என்ற விவரம், பழைய மாணவர் எழுதிய நன்றிக் கடிதம். ஐந்து ஆண்டு கழித்து இவற்றை நினைவிலிருந்து திரட்ட யாராலும் முடியாது.

பல கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டில் ஒரு முன்னோட்டப் பரிசீலனை நடக்கும். அதன் முடிவில் வரும் கடிதத்தை, வேலை நீடித்ததே போதும் என்ற நிம்மதியில் பலர் மடித்து வைத்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு. "கட்டுரைகள் இன்னும் வர வேண்டும்", "அறிமுக வகுப்பில் மாணவர் குறை சொல்கிறார்கள்" என்று அதில் எழுதியிருந்தால், ஆறாம் ஆண்டில் உட்காரும் குழு அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் கோப்பைப் பிரிக்கும். சொன்ன குறைக்கு என்ன செய்தார் என்பதற்குக் கோப்பில் பதில் இருக்க வேண்டும்.

பருவ முடிவில் மாணவர்கள் போடும் மதிப்பெண்ணும் கோப்பில் சேரும். அதை மட்டும் நம்புவது ஆபத்து. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணையவழி வகுப்பு ஒன்றில், இரண்டு ஆசிரியர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டு பாடம் நடத்திய சோதனை 2015இல் இதழில் வெளியானது. ஆசிரியர் உண்மையில் யாராக இருந்தாலும், ஆண் பெயரில் நடத்தியவருக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். கனடாவின் டொரன்டோவில் அப்போது ரயர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தில் எழுந்த வழக்கில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்றே நடுவர் 2018இல் தீர்ப்பளித்தார். எனவே விவரமறிந்தவர்கள் மதிப்பெண்ணோடு நிறுத்துவதில்லை. மாணவர் எழுதிய கட்டுரையின் முதல் வரைவையும் கடைசி வரைவையும் அருகருகே வைக்கிறார்கள்.

கோப்பின் இதயம், அவரே எழுதும் சில பக்க அறிக்கை. அதைத் துறைக்காரர்கள் மட்டும் படிப்பதில்லை. மேலே போகப் போக, வேதியியல்காரரின் கோப்பை இசைப் பேராசிரியரும் வரலாற்றுக்காரரும் புரட்டுவார்கள். கலைச்சொற்களை அடுக்கி எழுதினால் அவர்கள் மூன்றாம் பத்தியில் கைவிட்டுவிடுவார்கள். எந்தக் கேள்வி தன்னை இழுத்தது, அதில் இதுவரை என்ன தெரிந்தது, அடுத்து எங்கே போகிறேன் என்று, படித்த அண்டை வீட்டுக்காரருக்குச் சொல்வது போல எழுத வேண்டும். பதினான்கு கட்டுரைகளின் பட்டியல் எதையும் விளக்காது. அவற்றுக்கு நடுவே ஓடும் இழையை எழுதியவர்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கடிதங்கள் மட்டும் அவர் கையில் இல்லை. அதே துறையில் வேறு பல்கலைக்கழகங்களில் இருக்கும் பேராசிரியர்களுக்குக் கட்டுரைகளை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். வழிகாட்டியாக இருந்தவர், சேர்ந்து எழுதியவர் கூடாது. சில பெயர்களை இவர் தரலாம். மற்றவற்றைத் துறை தேர்ந்தெடுக்கும். கடிதங்கள் பெரும்பாலும் ரகசியம். 1968இல் ஹார்வர்டு, வானியலாளர் கார்ல் சேகனுக்கு டென்யூர் மறுத்தது. சிகாகோவில் அவருக்கு ஆசிரியராக இருந்த நோபல் அறிஞர் ஹெரால்ட் யூரி அவருக்கு எதிராக எழுதிய கடிதம் அதில் பங்கு வகித்தது. சேகன் பல துறைகளில் கால் வைக்கிறார் என்பது அவர்மீது சொல்லப்பட்ட குறை. அவர் கார்னெலுக்குப் போனார். பிறகு உலகமே அவரை அறிந்தது. தன் கணிப்பு தவறு என்று யூரி பின்னாளில் அவருக்கே எழுதி வருத்தம் தெரிவித்தார். கெடு முடிவதற்கு முன்பே மாநாடுகளுக்குப் போய்ப் பேசி, தன் வேலையைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் பத்துப் பேராவது வெளியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

பிள்ளைப்பேறு, நோய் போன்ற காரணங்களுக்குக் கெடுவை ஓராண்டு நிறுத்திவைக்கலாம். நல்ல நோக்கம்தான். ஆனால் முன்னணிப் பொருளாதாரத் துறைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை ஒன்று, இச்சலுகையை ஆண் பெண் இருவருக்கும் ஒரே மாதிரி தந்த இடங்களில் ஆண்கள் தேறுவது கூடி, பெண்கள் தேறுவது குறைந்ததைக் காட்டியது. அந்த ஓராண்டில் தாய் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க, தந்தைக்குக் கட்டுரை எழுத நேரம் கிடைத்திருக்கிறது என்றுதான் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

கோப்பு துறைக் குழுவில் தொடங்கி, துறைத் தலைவர், டீன், கல்விப் பொறுப்பிலுள்ள புரோவோஸ்ட், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஏறி, கடைசியில் அறங்காவலர் குழுவுக்குப் போகும். அந்தக் கடைசிப் படி பெரும்பாலும் சடங்குதான். ஆனால் 2021இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில், ஆசிரியர் குழுக்கள் பரிந்துரைத்த கறுப்பினப் பத்திரிகையாளர் நிக்கோல் ஹானா ஜோன்ஸின் கோப்பு அங்கேதான் நின்றுபோனது. மாணவர்களும் ஆசிரியர்களும் போராடிய பின், ஜூன் 30 அன்று 9க்கு 4 என்ற வாக்கில் டென்யூர் வழங்கினார்கள். அவர் அதை ஏற்காமல் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

டென்யூர் கிடைத்த பிறகு முழுப் பேராசிரியராவதற்கு இன்னொரு கோப்பு உண்டு. இதற்குக் கெடு கிடையாது. தானாக முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு, 1985இல் வெளியான லேசர் ஆய்வுக்காக 2018இல் இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டபோது அவர் இணைப் பேராசிரியராகத்தான் இருந்தார். ஏன் உயர்வு தரவில்லை என்று ஊடகங்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்டன. தான் விண்ணப்பிக்கவே இல்லை என்று அவர் சொன்னார். பிறகு விண்ணப்பித்தார், அந்த ஆண்டு முடிவதற்குள் முழுப் பேராசிரியரானார்.