அடிமேல் அடி சேர்ப்பது எப்படி?

வேலை முடிந்து வீடு திரும்பும் அப்பாவின் காதில் முதலில் விழுவது, பிள்ளை பொத்தான்களைத் தட்டும் ‘டப் டப்’ ஓசைதான். திரையில் இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டிருக்கும். “இதுக்குத்தான் காசு போட்டு வாங்கிக் கொடுத்தேனா?” என்று அப்பா சத்தம் போடுவார். பிள்ளை தலை நிமிராது. திரையில் நடப்பது இன்னதென்று பெற்றோருக்குக் கொஞ்சம் தெரிந்தால், வீட்டுக்குள் நடக்கும் இந்தச் சண்டையாவது குறையும் என்றெண்ணி எழுதுகிறேன்.

இவ்வகை விளையாட்டுகளில் பேர் பெற்றது ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட இரண்டாம் பாகம், பட்டணத்துக் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டியாக உலகெங்கும் பரவியது. ஒரு குச்சி, அதைச் சுற்றிலும் எட்டுத் திசைக்கும் அசைக்கலாம். பொத்தான்கள் ஆறு. மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. மெதுவானது, நடுத்தரம், பலமானது என்று வகைக்கு மூன்று.

புதிதாக ஆடுகிறவர் ஆறையும் கண்டபடி தட்டுவார். சில சமயம் வெற்றியும் கிடைத்துவிடும். ஆனால் எதிரே நிற்பவர் கொஞ்சம் பழகியவராக இருந்தால் அந்தத் தட்டல் ஒரு நிமிடம் தாங்காது. பழகியவரின் ஆயுதம் ‘காம்போ’. நம் சிலம்ப வழக்கில் அடி வரிசை என்று சொல்லலாம்.

அடி பட்டவன் ஒரு கணம் திணறி நிற்பான். அந்தத் திணறல் தீருமுன் அடுத்த அடி விழுந்தால் அவனால் தடுக்க முடியாது. திரையில் ஒரு நொடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. அவற்றில் சில படங்கள் மட்டுமே அந்தத் திணறலுக்கு உரியவை. தாமதித்தால் அவன் கையை உயர்த்தித் தடுத்துவிடுவான். அவசரப்பட்டு முன்னதாகவே தட்டினால் பொத்தான் வேலை செய்யாது.

இதிலே ஒரு வேடிக்கை. காம்போ யாரும் திட்டம் போட்டு உண்டாக்கியதல்ல. இரண்டாம் பாகத்தின் தயாரிப்பாளர் நோரிதாகா ஃபுனாமிசு, காரை அடித்து நொறுக்கும் சுற்றில் பிழை தேடும்போதுதான், ஒரு குத்தோடு இன்னொரு குத்து சேர்வதைக் கண்டார். அந்த நேரக் கணக்கைப் பிடிப்பது மிகக் கடினம், ஆடுகிறவர்களுக்குப் பயன்படாது என்று எண்ணி அப்படியே விட்டுவிட்டார்கள். ஆடியவர்களோ அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்!

இனி, முதல் பாடம். ரியூ என்ற வெள்ளையுடைக்காரரை எடுத்துக்கொள்ளட்டும். (கை கால் நீளும் இந்திய யோகி தால்சிமைத்தான் நம் பிள்ளைகள் ஆசையோடு தொடுவார்கள். கழுத்தில் மண்டையோட்டு மாலை போட்ட அவரைப் பார்த்து யோகம் இதுதான் என்று உலகம் நினைத்தால் என்ன செய்வது! அது கிடக்கட்டும். தொடக்கத்துக்கு அவர் கடினமானவர்.)

தாவிப் பலமாக ஓர் உதை. தரையிறங்கியதும் குனிந்து நடுத்தர உதை. உடனே கையிலிருந்து புறப்படும் ‘ஹடோகென்’ நெருப்புருண்டை. இந்த மூன்றும்தான் வரிசை. ரியூ வலப்பக்கம் பார்த்து நின்றால், குச்சியைக் கீழே, கீழ்-வலது மூலை, வலது என்று ஒரே இழுப்பில் நகர்த்திக் குத்துப் பொத்தானை அழுத்தினால் நெருப்பு வரும்.

மூன்றையும் ஒரே நாளில் பழகக் கூடாது. சிலம்ப ஆசான் முதல் நாளே கம்பைச் சுழற்றவா சொல்கிறார்? காலடி வைக்கத்தானே கற்றுத் தருகிறார்! அதுபோல, முதலில் நெருப்பு மட்டும். தொடர்ந்து பத்து முறை தவறாமல் வரட்டும். பிறகு இடம் மாறி, இடப்பக்கம் பார்த்து நின்று பத்து முறை. குச்சியின் திசை அப்போது தலைகீழாகும். பலர் இதை விட்டுவிட்டு, ஆட்டத்தில் இடம் மாறியதும் தடுமாறுகிறார்கள்.

அடுத்து, குனிந்த உதையோடு நெருப்பு. குனிய வேண்டுமென்றால் குச்சி ஏற்கெனவே கீழேதானே இருக்கிறது? அங்கிருந்தே முன்னோக்கி உருட்டிக் குத்தை அழுத்த வேண்டியதுதான். உதைத்த கால் திரும்பி வருவதற்கு முன்பே நெருப்புக்கான கட்டளை போய்ச் சேர வேண்டும். கடைசியாகத் தாவல். அந்த உதை உச்சியில் படாமல், இறங்கும் தறுவாயில் பட வேண்டும். சீக்கிரம் பட்டால் அடுத்தது சேராது.

என் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டில் திணறும் பையன் ஒருவன் இருக்கிறான். “மண்டையிலே ஏறாது சார்” என்று அவன் தாயாரே சொல்லிவிட்டார். அந்தப் பையன்தான் எனக்கு விளக்கினான்: “சார், மொத்தமா செஞ்சா வராது. ரெண்டு ரெண்டா சேர்க்கணும்.” மறுநாள் வாய்ப்பாட்டையும் இரண்டிரண்டு வரியாகத்தான் கொடுத்தேன். ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் வந்திருக்கிறான்.

இது சிறுபிள்ளைகளுக்கு மட்டுமுள்ள ஆட்டமும் அல்ல. 2013இல் அமெரிக்காவில் நடந்த ‘இவோ’ போட்டியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ நான்காம் பாகத்தில் வென்றவர் சிங்கப்பூர்க்காரர், ஹோ குன் சியான். 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம் பாகத்தில் தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. அதற்காக உங்கள் பிள்ளையும் தங்கம் வாங்குவான் என்று நான் சொல்ல மாட்டேன். அரைமணி நேரம் போதும். வீட்டுப்பாடம் முடிந்த பிறகு.

காசு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். 2023இல் வந்த ஆறாம் பாகத்தில் கூடுதல் ஆட்களையும் உடைகளையும் தனியே விலைக்கு விற்கிறார்கள். காம்போ பழக அவை எதுவும் வேண்டியதில்லை. ரியூ தொடக்கத்திலேயே அதில் இருக்கிறார். எதிராளி திருப்பி அடிக்காமல் நிற்கும் பயிற்சிக் களமும் இருக்கிறது. எத்தனை அடி சேர்ந்தது என்று திரையே எண்ணிச் சொல்லும்.

இன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். மூன்று என்று வந்தால், எதிராளி முதல் உதையைத் தடுத்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் அப்போதும் நெருப்பை விட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பட்டதா, தடுத்தானா என்று பார்த்து, தடுத்தால் கையை நிறுத்துவதுதான் அடுத்த பாடம். அதற்கு இன்னும் இரண்டு வாரமாவது பிடிக்கும்.