கல்லூரி மாறும் சட்ட மாணவர்



நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பறித்து நட்ட நாற்று சில நாள் வாடித் தலை சாய்ந்து நிற்கும். வேர் பிடித்த பின்பே நிமிரும். கல்வியிலும் இத்தகைய இடமாற்றம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒரு சட்டக் கல்லூரியில் முதலாண்டை முடித்த மாணவர் வேறொரு சட்டக் கல்லூரிக்கு மாறிச் செல்வது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். மாறிச் செல்பவர் தம்முடன் எவற்றைக் கொண்டு செல்கிறார், எவற்றை விட்டுச் செல்கிறார் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் அங்குள்ள கல்வி முறையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவுடன் ஐந்தாண்டுச் சட்டக் கல்வியில் சேரலாம். பட்டம் பெற்ற பின் மூன்றாண்டுக் கல்வியிலும் சேரலாம். அமெரிக்காவிலோ பட்டம் பெற்ற பின்னரே சட்டக் கல்வி. அதன் காலம் பொதுவாக மூன்று ஆண்டு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஏற்பைப் பெற்ற சட்டக் கல்லூரிகள் அங்கே ஏறத்தாழ 200 உள்ளன.

இக்கல்லூரிகளில் முதலாண்டுப் பாடங்கள் பெரும்பாலும் ஒரே தன்மையானவை. ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், சொத்துச் சட்டம், குற்றவியல் சட்டம், உரிமையியல் வழக்கு நடைமுறை, சட்ட எழுத்துப் பயிற்சி ஆகியவற்றை எங்குச் சென்றாலும் காணலாம். ஆகவேதான், ஓரிடத்தில் முதலாண்டு பயின்றவர் வேறோர் இடத்தில் இரண்டாம் ஆண்டைத் தொடங்குவது இயல்வதாகிறது.

ஆனால் அந்த முதலாண்டு எளிதன்று. பல பாடங்களில் பருவ இறுதியில் எழுதும் ஒரே தேர்வு மதிப்பெண்ணின் பெரும்பகுதியை முடிவு செய்துவிடும். இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த தரம் என்னும் அளவைப் பல கல்லூரிகள் முன்னரே வகுத்து வைக்கின்றன. எனவே ஒரு மாணவர் நன்றாக எழுதினால் மட்டும் போதாது. உடன் பயில்வோரைக் காட்டிலும் நன்றாக எழுத வேண்டும். இவ்வாறு முன்வரிசையில் நின்றவருக்கே பெயர் பெற்ற கல்லூரிகளின் கதவு திறக்கிறது. நுழைவுத் தேர்வில் தவறவிட்ட வாய்ப்பை ஓராண்டு உழைப்பால் மீட்டுக்கொள்ள இது வழி தருகிறது. இது நல்ல வழிதான் என்பதில் ஐயமில்லை.

மாற விரும்புவோரின் காரணங்கள் பல. சிலர் கல்லூரியின் புகழை நாடுகின்றனர். சிலர் தாம் தொழில் செய்ய எண்ணும் நகருக்கு அருகில் பயில விரும்புகின்றனர். சிலருக்குச் சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு. இன்னும் சிலரைக் குடும்பக் கடமை அழைக்கிறது.

சேர்த்துக்கொள்ளும் கல்லூரிக்கும் காரணங்கள் உண்டு. முதலாண்டில் புதிதாகச் சேர்வோரின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணே அக்கல்லூரியின் மதிப்பீட்டுக் கணக்கில் ஏறும். இரண்டாம் ஆண்டில் வந்து சேர்பவரின் நுழைவு மதிப்பெண் அக்கணக்கில் வருவதில்லை. மேலும், உதவித்தொகை பெரும்பாலும் முதலாண்டிலேயே வழங்கப்பட்டுவிடுவதால், இடையில் வருபவர் பலர் முழுக் கட்டணமும் செலுத்துகின்றனர். ஆதலின், அழைப்புக் கடிதம் வந்ததும் அதனைத் தம் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று மட்டும் எண்ணிவிடலாகாது.

இனி, கொண்டு செல்வதும் விட்டுச் செல்வதும் எவை? முதலாண்டில் முடித்த பாடங்கள் புதிய கல்லூரியில் ஏற்கப்படும். ஆனால் அப்பாடங்களில் பெற்ற மதிப்பெண், பல கல்லூரிகளில், புதிய சராசரியில் சேராது. வகுப்பில் பெற்றிருந்த இடம் பழைய கல்லூரியோடு நின்றுவிடும். உதவித்தொகை இருந்தால் அதுவும் போய்விடும். மாணவர்களே ஆசிரியர்களாக இருந்து நடத்தும் சட்ட ஆய்விதழ் ஒவ்வொரு கல்லூரியிலும் பெருமதிப்புக்குரியது; அதில் இடம் பெற்றிருந்தால் அதனையும் துறக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஓராண்டாக நம்மை அறிந்த பேராசிரியர்களையும் உடன் பயின்ற தோழர்களையும் விட்டுப் பிரிய வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். மாறும் தகுதி எவருக்கு உண்டோ, அவருக்கே இழப்பதற்கும் மிகுதியாக உண்டு! கடைசி வரிசையில் இருப்பவர் மாறவே இயலாது. முதல் வரிசையில் இருப்பவர் மாறினால் அந்த வரிசையையே விட்டுச் செல்கிறார்.

இதற்குப் புகழ்பெற்ற ஒருவர் வாழ்விலிருந்து சான்று காட்டுவேன். 1956ஆம் ஆண்டில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்னும் பெண்மணி ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். ஏறத்தாழ 500 பேர் கொண்ட அவ்வகுப்பில் பெண்கள் ஒன்பதின்மரே. அவர் கணவர் அதே கல்லூரியில் ஓராண்டு மூத்த மாணவர். வீட்டிலோ சிறு குழந்தை. இந்நிலையில் கணவரைப் புற்றுநோய் பற்றியது. அவருக்குப் பணிவிடை செய்துகொண்டே கின்ஸ்பர்க் படித்தார். சட்ட ஆய்விதழிலும் இடம் பெற்றார். நோயிலிருந்து மீண்ட கணவருக்கு 1958இல் நியூயார்க்கில் வேலை கிடைத்தது. குடும்பம் பிரியாதிருக்க, இரண்டாம் ஆண்டு முடிந்ததும் அவர் கொலம்பியா சட்டக் கல்லூரிக்கு மாறினார். இறுதியாண்டைக் கொலம்பியாவில் பயின்று, பட்டத்தை ஹார்வர்டிலேயே பெற அவர் விரும்பினார். ஹார்வர்டு அதற்கு இசையவில்லை.

அவர் சோர்ந்து போகவில்லை. கொலம்பியாவின் ஆய்விதழிலும் இடம் பெற்றார். 1959இல் வகுப்பின் முதலிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு பட்டம் பெற்றார். எனினும், பெண், அதிலும் ஒரு தாய் என்ற காரணத்தால் வேலை எளிதில் கிடைக்கவில்லை. அப்போது கொலம்பியாப் பேராசிரியர் ஜெரால்டு கந்தர், எட்மண்டு பால்மியேரி என்னும் நீதிபதியிடம் அவருக்காக விடாது வாதாடி, உதவியாளர் பணியைப் பெற்றுத் தந்தார். அந்தக் கின்ஸ்பர்க்தான் 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, 2020இல் மறையும் வரை அப்பதவியில் இருந்தார். அன்று அவருக்குப் பட்டம் தர மறுத்த ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2011இல் சிறப்புப் பட்டம் அளித்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அவருக்கு வழி திறந்தது கல்லூரியின் பெயர் மட்டுமன்று. ஓராண்டுக்குள் அவரை நன்கு அறிந்துகொண்ட ஓர் ஆசிரியரின் சொல்லே. மாறிச் செல்பவர் விட்டுச் செல்வதும் அதுவே. புதிய இடத்தில் மீண்டும் தேடிக்கொள்ள வேண்டுவதும் அதுவே. அதற்கு இருப்பதோ குறுகிய காலம். பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் அடுத்த கோடைப் பணிக்கான ஆட்களை முதலாண்டு முடியும் தறுவாயிலேயே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுகின்றன என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே மாற எண்ணும் மாணவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். நான் செய்ய விரும்பும் பணிக்குப் புதிய கல்லூரி உண்மையிலேயே வழி காட்டுமா? இங்கே நான் பெற்றிருப்பவற்றை இழந்தாலும் அந்த நன்மை மிஞ்சுமா? அதற்காக நான் சுமக்கும் கடன் என் வாழ்வை ஒடுக்காதா? ஏற்கும் கல்லூரி பழைய மாணவர்களுக்கு வேலை கிடைத்த விவரத்தையும், மாறி வந்தோர் எத்தனை பேர் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அவற்றைப் படித்துப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னேனாயினும், எந்நாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். பக்கத்து வயல் பசுமையாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் நாற்றைப் பறிக்கலாகாது. அங்கே மண்ணும் நீரும் இந்த நாற்றுக்கு ஏற்றவை என்று தெளிந்தால், தயங்காது பறித்து நடலாம். வாடும் நாள் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளும் உறுதி மட்டும் வேண்டும்.